கொலோசியம் வேண்டாம், இத்தாலியின் பாம்பே நகரத் தெரு ஒன்று போதும்

ஒன்பது வயது மகளுக்குப் பள்ளியில் ‘பழங்கால ரோம்’ என்று ஒரு படம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறை கொலோசியம் (ரோம் நகரின் பழங்கால அரங்கம்) வரைந்தாள், மூன்று முறையும் வளைவுகள் கோணலாகி அழுதுவிட்டாள், எளிதாக வரைய ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கொலோசியத்தை எப்படி வரைவது என்பது இங்கே முக்கியமான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். ஒரு குழந்தையின் கைக்கு எட்டுகிற வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பார்ப்பவர் உடனே “இது ரோமானியர் காலம்” என்று சொல்லும்படி ஒரு படத்தை எப்படி அமைப்பது என்பதுதான் உங்களுக்குத் தேவை. அதற்குப் பதில் இருக்கிறது.

முதலில் உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அவள் தோற்றதற்குக் காரணம் அவள் கை அல்ல. கொலோசியம் வட்டமும் இல்லை, நீள்வட்டம். ஏறத்தாழ 188 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம். தரைத்தளத்தில் மட்டும் 80 வளைவுகள். நமக்கு நேரே இருக்கும் வளைவு அகலமாகவும், ஓரத்துக்குப் போகப் போகக் குறுகிக் கடைசியில் கோடாகவும் தெரியும். அந்தக் குறுக்கத்தைச் சரியாகப் பிடிப்பது பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கே கடினம். ஒன்பது வயதில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

நான் பரிந்துரைப்பது பாம்பே (Pompeii, நம் மும்பை அல்ல) நகரத்தின் ஒரு கடைத்தெரு. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் வெடித்தபோது சாம்பலில் புதைந்த ஊர் அது. ரோமானியர்களின் அன்றாடத் தெரு ஒன்று எப்படி இருந்தது என்பதை ஊகிக்காமல் வரைய இதைவிட நல்ல இடம் கிடையாது. கல் பாவிய சாலை, அதைக் கடக்கப் போட்ட மிதிகற்கள், தண்ணீர்த் தொட்டி, ஜாடிகள் பதித்த கடைமேடை என்று அங்கே உள்ள பெரும்பாலான பொருள்கள் பெட்டி, முட்டை வடிவம், செவ்வகம் ஆகியவற்றுக்குள் அடங்கிவிடும். அவற்றில் நான்கைந்து சரியாக அமைந்தால் படம் ரோமாகிவிடும். வேறு பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படாது.

ஏ4 தாளைப் படுக்கை வசமாக வையுங்கள். உயரம் 21 செ.மீ. ஆகும். எச்பி பென்சிலும் ஸ்கேலும் போதும். தாளின் அடியிலிருந்து அளந்து, அழுத்தாமல் ஐந்து படுக்கைக் கோடுகள்: 5, 6, 7, 16, 18 செ.மீ. உயரங்களில். அடியிலிருந்து 5 வரை சாலை. 5-க்கும் 6-க்கும் இடையில் நடைமேடையின் விளிம்புக் கல். 6 முதல் 7 வரை நடைமேடையின் மேல்பரப்பு. 7 முதல் 16 வரை சுவர். 16 முதல் 18 வரை ஓட்டுக்கூரை. மீதி 3 செ.மீ. வானம். இந்த அளவுகள் சும்மா போட்டவை அல்ல. ஒரு பெரியவரை 5 செ.மீ. உயரத்தில் வரையப் போகிறோம், ஆகவே தாளில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் ஏறத்தாழ 33 செ.மீ. அந்தக் கணக்கில் சுவர் 3 மீட்டர் வருகிறது, நடைமேடை ஒரு படி உயரம் வருகிறது. குழந்தைகளின் படங்களில் ஆள் கதவைவிட உயரமாக நிற்பதும், கதவு ஆளைப்போல் மூன்று மடங்கு இருப்பதும் அளவை முதலில் முடிவுசெய்யாததால்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு ஆளைக் குச்சி உருவமாக நடைமேடையில் நிறுத்திவிடுங்கள். பிறகு வருகிற பொருள் எல்லாம் அவருக்கு ஏற்ற அளவில் வரும்.

இப்போது சுவரில் இரண்டு திறப்புகள். இடது ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி, 9 செ.மீ. அகலமும் 6.5 செ.மீ. உயரமும் உள்ள கடை வாசல். வலப்பக்கம், 15.5 செ.மீ.-இல் தொடங்கி 4 செ.மீ. அகலத்தில் ஒரு வீட்டின் இரட்டைக் கதவு. உயரம் அதே 6.5. ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் ஒன்று மட்டும், சிறியதாக, சுவரின் மேல்பகுதியில். தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல்கள் வைப்பது பாம்பே வீடுகளின் வழக்கம் அல்ல. வெளிச்சமும் காற்றும் உள்முற்றத்தின் வழியாகவே வந்தன. நம் ஊர்ப் பழைய முற்ற வீடுகளை நினைத்துக்கொண்டால் குழந்தைக்கு இது சட்டென்று புரியும். கடை வாசலுக்குக் கதவு போடாதீர்கள். கடைகள் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி மூடப்பட்டன. பலகை நகர்த்த வெட்டிய பள்ளம் வாசற்கல்லில் இன்றும் இருக்கிறது. திறந்த கடையின் ஓரத்தில் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்தால் போதும்.

கடைக்குள் என்ன வருகிறது என்பதுதான் இந்தப் படத்தின் உயிர். தெருவோரம் உணவும் பானமும் விற்ற இந்தக் கடைகளை இன்று தெர்மோபோலியம் என்கிறார்கள். கல்லும் காரையும் கொண்டு கட்டிய மேடை, அதற்குள் பதித்த பெரிய மண்ஜாடிகள், மேடையின் மேல்பரப்பில் வட்ட வாய்கள். வாசலின் 9 செ.மீ. அகலத்தில் மேடைக்கு 5.5 செ.மீ. கொடுங்கள், மீதி ஆள் நுழைய. உயரம் 2.5 செ.மீ., அதாவது ஆளின் பாதி. அதற்கு மேல் 0.7 செ.மீ. பட்டை ஒன்று வரைந்து, அதில் மூன்று தட்டையான முட்டை வடிவங்கள் போட்டால் ஜாடி வாய்கள் ஆயின. இங்கே நடக்கும் பிழை ஒன்றுதான்: குழந்தைகள் ஜாடி வாயை முழு வட்டமாகப் போட்டுவிடுவார்கள், உடனே மேடை முன்பக்கம் சரிந்து விழுவதுபோல் தோன்றும். வட்டமான பொருளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது நசுங்கித்தான் தெரியும் என்று ஒரு டம்ளரைக் கண்மட்டத்தில் பிடித்துக் காட்டுங்கள். நிஜத்தில் மேடை பெரும்பாலும் எல் எழுத்துப்போல் கடைக்குள் திரும்பும். அந்தக் கையை ஒன்பது வயதுப் படத்தில் விட்டுவிடலாம்.

மேடையின் முன்பக்கத்தை அலங்கரிக்க இரண்டு வழிகள், இரண்டும் உண்மையானவை. பல கடைகளில் வெவ்வேறு நிறப் பளிங்குத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் ஒட்டியிருக்கிறார்கள். கோணல்மாணலான பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று குழந்தைகள் விரும்பிச் செய்வார்கள். இல்லையென்றால் ஓவியம்: 2020-இல் முழுமையாக வெளிக்கொண்டுவரப்பட்ட ஒரு கடையின் மேடையில் சேவலும், கால் கட்டித் தொங்கவிட்ட வாத்துகளும், கயிற்றில் கட்டிய நாயும் வரையப்பட்டிருந்தன. மேடையில் ஒரு சேவல் வரைந்தாலே போதுமான அழகு. ஜாடிகளில் என்ன இருந்தது என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சூடான உணவு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. மேடைக்குள் புதைந்த ஜாடியைக் கழுவ முடியாது, ஆகவே தானியம், பருப்பு, உலர்பழம் போன்றவைதான் இருந்திருக்கும் என்று பிறகு பலர் வாதிட்டார்கள். 2020-இல் கண்ட கடையின் ஜாடிகளிலோ வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சம் கிடைத்தது. எனவே ஜாடியிலிருந்து ஆவி பறப்பதாக வரைய வேண்டாம். சூடு காட்ட வேண்டுமென்றால் மேடையின் ஓரத்தில் சின்னக் கணப்பு ஒன்றும் அதன்மேல் பாத்திரமும் வைத்து, அதிலிருந்து ஆவி வரட்டும்.

விற்பனைக்கு வைக்கிற பொருள்களிலும் கவனம் வேண்டும். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் எதுவும் கூடாது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பாவுக்கு வந்தது பதினாலு நூற்றாண்டுகள் கழித்துத்தான். அத்தி, திராட்சை, ஆலிவ், முட்டை, மீன், பூண்டு என்று வரையலாம். ரொட்டி வட்டமானது, கேக்கை வெட்டியதுபோல் எட்டுத் துண்டாகக் கீறியது; கரிந்துபோன அப்படிப்பட்ட ரொட்டிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒரு வட்டம், அதற்குள் நான்கு குறுக்குக் கோடுகள், ரொட்டி முடிந்தது. கடையின் பக்கச் சுவரில் இரண்டு ஆம்போராக்களைச் சாய்த்து வையுங்கள். ஒயினும் எண்ணெயும் வந்த இந்த ஜாடிக்குக் குறுகிய கழுத்து, இரண்டு கைப்பிடி, கூம்பிய அடி. அடி கூர்மையாக இருப்பதால் தானாக நிற்காது. நம் பானையைப்போல் உருண்டை அடியோடு நிமிர்த்தி வைப்பதுதான் இதில் வழக்கமான பிழை. இதே ஜாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் கிடைத்தன. இதை உங்கள் மகளிடம் சொன்னால் அந்த இரண்டு ஜாடிகளையும் அவள் கூடுதல் அக்கறையோடு வரைவாள்.

இனிச் சாலை. பாம்பே என்று சொல்லவைப்பது இதுதான், பெரும்பாலும் தவறாக வருவதும் இதுதான். தெருவைக் கடக்க நடுவே பெரிய மிதிகற்கள் போட்டிருந்தார்கள். மழைநீரும் தொட்டிகள் வழிந்த நீரும் தெருவிலேயே ஓடியதால் கால் நனையாமல் கடப்பதற்கு அவை. கல்லின் உயரம் நடைமேடையின் உயரத்தோடு கிட்டத்தட்டச் சமம், ஆகவே இறங்காமல் நேராக நடக்கலாம். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் வண்டிச் சக்கரங்கள் போயின. இவ்வளவையும் குழந்தைக்குச் சொன்னால்தான் கல்லை எந்தத் திசையில் அடுக்குவது என்று அவளுக்குப் புரியும். சொல்லாவிட்டால் ரயில் பெட்டிகள்போல் சாலையின் நீளத்தில் இடமிருந்து வலமாக அடுக்கிவிடுவாள், வண்டி போக வழியே இருக்காது. நம் படத்தில் சாலை இடமிருந்து வலமாக ஓடுகிறது. கடப்பவர் நம் பக்கத்திலிருந்து கடைப்பக்கம் போகிறார். எனவே கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, தாளின் அடியிலிருந்து நடைமேடையை நோக்கி ஏற வேண்டும். தாளின் இடதிலிருந்து 13 முதல் 17 செ.மீ.க்குள் இடம் ஒதுக்குங்கள். நடைமேடைக்கு அருகிலிருக்கும் கல் 2.7 செ.மீ. அகலம், அடுத்தது 3.3, மூன்றாவது 4. அந்த மூன்றாவதைத் தாளின் கீழ் ஓரம் பாதி வெட்டட்டும். அப்படி வெட்டுப்பட்டால் பார்ப்பவரே சாலையின் இந்தப் பக்கம் நிற்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு கல்லும் தட்டையான முட்டை வடிவம், அதற்குக் கீழே 0.7 செ.மீ. தடிமன். தடிமனை மறந்தால் கல் தண்ணீர்க் குட்டையாகிவிடும்.

சாலைத் தளத்துக்குச் செங்கல் கட்டம் போடக் கூடாது. கரும் எரிமலைக் கல்லை ஐந்து பக்கம், ஆறு பக்கம் என்று ஒழுங்கற்ற பலகோணங்களாக வெட்டி நெருக்கிப் பாவியிருந்தார்கள். ஆமை ஓட்டை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்லாக வரையப் போனால் இடையில் பொருந்தாத சந்துகள் விழும், குழந்தைக்குச் சலித்தும் போகும். அதைவிட நல்ல வழி: கவண்கட்டை வடிவங்களை (ஆங்கில ஒய் எழுத்துப்போல்) சாலை முழுதும் திசை மாற்றி மாற்றித் தூவிவிட்டு, முனைகளைப் பக்கத்து முனையோடு இணைக்கச் சொல்லுங்கள். எந்த இடத்திலும் மூன்று கோடுகள் சந்திக்கும், கற்கள் தானே உருவாகும். கீழ் ஓரத்தில் பெரிதாகவும், மேலே போகப் போகச் சிறிதாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். பிறகு மிதிகற்களுக்கு இடையில் வண்டித் தடங்களாகச் சற்று அழுத்திய படுக்கைக் கோடுகள் இரண்டு. மாட்டையும் வண்டியையும் வரைய முயல வேண்டாம். அந்தத் தடமே வண்டி போன தெரு என்று சொல்லிவிடும்.

தண்ணீர்த் தொட்டி வலப்பக்கம், 21 முதல் 26 செ.மீ. வரை, நடைமேடையை ஒட்டிச் சாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அடிக்கோடு 4.5-இல், உயரம் 2.5. நான்கு பெரிய கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய பெட்டி அது. பின்பக்கம் நடுவில் ஒரு தூண் 1.3 செ.மீ. கூடுதலாக உயர்ந்து நிற்கும், அதில் ஒரு முகம் செதுக்கியிருக்கும், அதன் வாயிலிருந்து தண்ணீர் விழும். பாம்பேயில் இப்படிச் சுமார் 40 பொதுத் தொட்டிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. குழாயைத் திறந்து மூடுகிற ஏற்பாடு கிடையாது, தண்ணீர் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். எனவே தொட்டியின் ஓரத்தில் வழிவதாக வரைவது சரி.

மனிதர்களுக்கு வருவோம். எல்லாரையும் வெள்ளைத் தோகாவில் போர்த்திவிடுவது மிகப் பரவலான தவறு. தோகா ரோமானியக் குடியுரிமை பெற்ற ஆண்களின் சடங்கு உடை. கனமான கம்பளித் துணி. அதைச் சுற்றிக்கொண்டு யாரும் கடையில் வேலை செய்யவில்லை. பாம்பேயில் யூலியா ஃபெலிக்ஸ் என்பவரின் மாளிகைச் சுவரில் சந்தைக் காட்சிகளை வரைந்த ஒரு நீண்ட ஓவியத் தொடர் இருந்தது. இப்போது நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் தூனிக்கும் மேற்போர்வையும்தான் அணிந்திருக்கிறார்கள். தூனிக் வரைய மிக எளிது: இரண்டு செவ்வகத் துணிகளைத் தோளிலும் பக்கங்களிலும் தைத்தது. அகலமான செவ்வகம் ஒன்று, மேல் மூலைகள் முழங்கைவரை தொங்கும், இடுப்பில் ஒரு கச்சு, கச்சுக்கு மேலே துணி சற்று உப்பியிருக்கும். ஆண்களுக்கு முழங்கால்வரை, பெண்களுக்குக் கணுக்கால்வரை. பொத்தான் இல்லை, கால்சட்டை இல்லை. ஆண்களுக்கு முடியைக் குட்டையாகவும் முகத்தை மழித்தும் காட்டுங்கள். தாடி பரவலாக நாகரிகமானது கி.பி. 117-இல் அரசரான ஹாட்ரியனுக்குப் பிறகு. தலை 0.8 செ.மீ., மொத்த உயரம் 5 செ.மீ. என்றால் சிறுவர் படத்துக்குப் பொருத்தமான விகிதம். நான்கு பேர் போதும்: மேடைக்குப் பின்னே விற்பவர், முன்னே வாங்குபவர், தொட்டியருகே குடத்தோடு ஒரு பெண், நடைமேடைக்குப் பக்கத்து மிதிகல்லின் மேல் 3.8 செ.மீ.-இல் ஒரு சிறுவன். சாலையின் கீழ்ப்பகுதியில் யாரையும் நிறுத்த வேண்டாம். அங்கே நிற்பவர் நமக்கு மிக அருகில் இருப்பவர், அவரைப் பெரிதாக வரைய வேண்டும், அதே 5 செ.மீ.-இல் வரைந்தால் குள்ளராகிவிடுவார். வாளும் தலைக்கவசமுமாகப் படைவீரர்களைச் சேர்க்கும் ஆசை வரும். கடைத்தெருவுக்கு அவர்கள் தேவையில்லை.

கூரைக்குத் தட்டை ஓடும் வளைவோடும் சேர்த்துப் போட்டார்கள். தட்டை ஓடுகள் பக்கத்தில் பக்கத்தில், அவற்றின் இணைப்பை மூட வளைவோடு. 1.2 செ.மீ.க்கு ஒரு செங்குத்துக் கோடு, கீழ் ஓரத்தில் ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு அரைவட்டம், அவ்வளவுதான். கீழ்ச்சுவர், கடைமேடை, சாலை ஆகியவை அப்படியே பார்க்கக் கிடைக்கின்றன, அவற்றை நம்பி வரையலாம். மேல்மாடியும் கூரையும் பெரும்பாலான இடங்களில் சாம்பலின் எடையில் இடிந்துவிட்டன; நூல்களில் காணும் முழு வீட்டுப் படங்கள் அந்தப் பகுதியில் மறுகட்டமைப்புதான். தெருப்பக்கம் நீட்டிய மாடங்கள் (பால்கனிகள்) இருந்தன என்பதில் மட்டும் ஐயமில்லை. 2018-இல் வரிசையாக மாடங்களோடு ஒரு சந்தே வெளிப்பட்டது. மேல்மாடி இல்லாத சுவரும் ஓட்டுக்கூரையும் என்று நாம் அமைத்தது எளிமைக்காக. தவறு அல்ல, ஆனால் தெரு முழுதும் அப்படி இருந்தது என்று பொருளும் அல்ல.

வானத்தின் இடது மூலையில் வெசூவியஸ். கடையை வடக்கு நோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால் மலை இடப்பக்கம் வருவது சரி. புகையும் நெருப்பும் போடாதீர்கள். அந்த மலை பல நூற்றாண்டுகளாக அமைதியாக இருந்தது, சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன, அது வெடிக்கும் என்று ஊரார் எண்ணவில்லை. பச்சை மலையாக வரையுங்கள். அன்றைய உச்சியின் வடிவம் உறுதியில்லை. பாம்பேயிலேயே கிடைத்த ஓர் ஓவியம் ஒற்றைச் சிகரமாகக் காட்டுகிறது, இன்று தெரிவது இரட்டை முகடு. ஒற்றைச் சிகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெடித்த நாளும் விவாதத்தில் இருக்கிறது: ஆகஸ்ட் 24 என்பது மரபு, ஆனால் 2018-இல் கிடைத்த கரி எழுத்து ஒன்றில் அக்டோபர் 17-க்கு ஈடான தேதி இருப்பதால் இலையுதிர்காலம் என்று பலர் கருதுகிறார்கள். நம் படம் வெடிப்புக்கு முந்தைய ஏதோ ஒரு சாதாரண நாள், ஆகவே எந்தப் பருவமும் பொருந்தும். அதே மூலையில் கொலோசியத்தைச் செருகிவிட வேண்டாம். அது ஏறத்தாழ 240 கி.மீ. தள்ளி ரோம் நகரில் இருப்பது. மேலும் அது திறக்கப்பட்டது கி.பி. 80-இல், பாம்பே புதைந்த அடுத்த ஆண்டு.

ஆசிரியர் வளைவு கட்டாயம் வேண்டும் என்றால் வீட்டுக் கதவின் மேல் ஒன்று வையுங்கள். கதவின் அகலத்துக்குச் சமமான விட்டமுள்ள மூடி ஒன்றின் மேல் பாதியைச் சுற்றி வரைந்தால் சரியான அரைவட்டம் கிடைக்கும். ரோமானிய வளைவு அரைவட்டம்தான், கூர்முனை அல்ல. அதற்கு வெளியே 0.4 செ.மீ. தள்ளி இன்னோர் அரைவட்டம், இரண்டுக்கும் இடையில் ஆப்பு வடிவக் கற்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக, ஏழு அல்லது ஒன்பது. அப்போதுதான் உச்சியில் ஒரு நடுக்கல் விழும். பிரிக்கும் கோடுகள் எல்லாம் அரைவட்டத்தின் மையத்தை நோக்கி வர வேண்டும். ஒன்றுக்கொன்று இணையாகப் போட்டால் வளைவு ஏணியாகிவிடும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதையே தெரு நம்மை விட்டு விலகிப் போகும்படி, ஒரே மறைபுள்ளி (தொலைவில் கோடுகள் எல்லாம் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் இடம்) வைத்து வரையலாம். அப்போது மிதிகற்கள் இடமிருந்து வலமாகச் சாலையின் குறுக்கே வரிசையாக நிற்கும், வண்டித் தடங்கள் அவற்றின் சந்துகளில் புகுந்து மறைபுள்ளியை நோக்கி ஒன்றுசேரும். மேலே சொன்ன அளவுகள் அந்தக் காட்சிக்கு ஒத்துவராது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த முழுப் படமும் அதிகம். ஆம்போராவும் ரொட்டியும் தொட்டியும் மட்டும் போதும்.

வண்ணம் தீட்டும்போது சுவரின் கீழ் மூன்றில் ஒரு பங்கு செங்காவி, மேலே சற்று மங்கிய வெள்ளை. பாம்பேயில் மிகவும் வழக்கமான அமைப்பு இது. அந்த வெள்ளைப் பகுதியில் தேர்தல் விளம்பரங்களைச் சிவப்பில் எழுதுவார்கள். நாலைந்து பெரிய லத்தீன் எழுத்துகள் எழுதிப் பார்க்கலாம், சிற்றெழுத்து மட்டும் வேண்டாம், யூ எழுத்துக்குப் பதிலாக வி போட வேண்டும். உடைகளுக்குச் சாயமேற்றாத கம்பளியின் வெளிர் நிறம், பழுப்பு, மஞ்சள் காவி, மங்கிய சிவப்பு. ஊதா மிக விலையுயர்ந்த சாயம், கடைக்காரருக்குப் போட வேண்டாம். சாலையைக் கறுப்பால் அடிக்காமல் நீலமும் பழுப்பும் கலந்த கருஞ்சாம்பலில் தீட்டுங்கள். கறுப்பைக் கடையின் உட்புறத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் வெளிச்சமான தெருவும் நிழலான கடையும் பிரிந்து தெரியும். வாட்டர் கலர் என்றால் வானம், மேல்சுவர், உடை என்று வெளிர் நிறங்களை முதலில் முடித்து, தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் செங்காவி. ஈரத்தில் சிவப்பு வெள்ளைச் சுவருக்குள் பரவினால் எடுக்க முடியாது. அவசரக்காரக் குழந்தையாக இருந்தால் அந்தச் சிவப்புப் பட்டையை மட்டும் கலர் பென்சிலால் தீட்டச் சொல்லிவிடுங்கள். கறுப்புப் பேனாக் கோடு கடைசியில், அதுவும் ஆட்கள், கடைமேடை, மிதிகற்கள் ஆகியவற்றுக்கு மட்டும்; மலைக்கும் கூரைக்கும் பென்சில் கோடே இருக்கட்டும், அவை பின்னால் தள்ளித் தெரியும்.